இல்லி நில்லிஸ்பேடி!

என் அக்காவின் கணவர் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை, ஒரு டாலர்கூட அபராதம் கட்டியதில்லை என்று அக்காவே சர்டிபிகேட் கொடுப்பாள். (அக்கா அவருக்கு சர்டிபிகேட் கொடுத்த ஒரே விஷயம் அதுதான்.)

அந்த மாமா போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தி முடிந்து, வெற்றிலையை மென்றுகொண்டே பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். என் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "நான் ஓட்டறேன் மாப்ளே! நீ பேசாம பக்கத்துல உட்காரு" என்றார்.

"மாமா, லைசென்ஸ்...?"

"தமிழ்நாட்டு லைசென்ஸ் இன்னும் உயிரோடதான் இருக்கு. அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம், ரோட்ல இடது பக்கம். இங்கேயும் அப்படித்தான். அப்புறம் என்ன வித்தியாசம்?"

என்ன வித்தியாசமா! சீட் பெல்ட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சென்னையிலிருந்து வரும் ரோடும், சேலத்திலிருந்து வரும் ரோடும் கிருஷ்ணகிரியில் கைகோத்துக்கொண்டு பெங்களூரை நோக்கிப் போகின்றன. ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44-ன் ஒரு துண்டு இது. கிரானைட் கல் லாரி, மாங்காய் லாரி, புது டூ வீலர்களை அடுக்கிக்கொண்டு போகும் கண்டெய்னர், கம்பெனி பஸ், ஏர்ஹாரனை ஒரு சங்கீதக் கருவியாகவே கருதும் தனியார் பஸ் எல்லாம் இந்தத் துண்டில்தான் ஓடுகின்றன. ஹாரன் அடிக்காத மாமா மட்டும் அன்று புதுசு.

சூளகிரி வரைக்கும் அமைதியாகத்தான் போனது. அங்கே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை மாமாவின் கண்ணில் பட்டுவிட்டது. மீடியன் இடைவெளியில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். எதிர் லேனில் தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு லாரி, ஹெட்லைட்டை இரண்டு தடவை மின்னியது. மாமா முகம் மலர்ந்து, கையைத் தூக்கி லாரிக்கு நன்றி சொன்னார். கிளட்சை விட்டார்.

நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. கார் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

"என்ன மாப்ளே இது? லைட் போட்டு வழி விட்டானே!"

"வழி விடலை மாமா. 'நான் வர்றேன், நீ ஒதுங்கு'ன்னு சொன்னார்."

மாமாவின் கணக்கில் லைட்டை மின்னினால், 'நீங்கள் முதலில் போங்கள்' என்று அர்த்தமாம். நம்ம ஹைவேயில் அதே மின்னலுக்கு நேர் எதிர் அர்த்தம். லைட் ஒன்றுதான், அகராதிதான் வேறு. அவருக்கு மரியாதை, இங்கே எச்சரிக்கை. இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு குடும்பமே காலியாகிவிடும்.

டீ குடித்தபோது மாமாவின் கை லேசாக நடுங்கியது. இரண்டு சர்க்கரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மாணவனைப் போல ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். முன்னால் போன லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டது. "இதுக்கு என்ன அர்த்தம்?"

"அது டிரைவரைப் பொறுத்தது மாமா. ஒருத்தர் போட்டால் 'வலது பக்கம் திரும்பப் போறேன்'. இன்னொருத்தர் போட்டால் 'ரோடு காலி, நீ முந்திக்கோ'."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"திரும்பினப்புறம் தெரியும்."

மாமா முந்தவில்லை. புத்திசாலி. அடுத்து ஒரு கார் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு சந்திப்பில் நேராகப் போனது. வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று மாமா பரிதாபப்பட்டார். ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. 'நான் இடமும் போகலை, வலமும் போகலை, நேராப் போறேன்' என்பதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த பாஷை அது! நின்று போன வண்டியைக் காட்டுவதற்கான விளக்கை, ஓடுகிற வண்டிக்குப் போட்டால் பக்கவாட்டில் வருகிறவனுக்கு அதில் ஒரு பக்கம்தான் தெரியும். 'ஓஹோ, இவன் திரும்புகிறான்' என்று அவன் நுழைவான். அப்புறம் இரண்டு பேரும் ரோட்டில் நின்று ஒருவர் அம்மாவை ஒருவர் விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓசூருக்கு முன்னால் சானமாவு காடு. இங்கே வாகன ஓட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. கேழ்வரகு முற்றும் சமயத்தில் கர்நாடகாவின் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் வரும். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு என்று சுற்றும். சில நாள் இந்த ஹைவேயையே கடக்கும். வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது ஹாரன் அடிக்கக் கூடாது, லைட்டை மின்னக் கூடாது, இறங்கிப் போட்டோ எடுக்கவே கூடாது. பெர்மிட் இல்லாமல், டோல் கட்டாமல், மாநிலம் விட்டு மாநிலம் ஜாலியாகப் போய்வருகிற ஒரே ஜீவன் அதுதான்.

"அதுக்கும் நம்பர் பிளேட் கிடையாது பாரு" என்றார் மாமா.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதற்கு வருகிறேன்.

ஓசூர் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வண்டியும் கடிகாரமும் செய்கிற ஊர். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் சிப்காட் பக்கம் போனால், இந்த ஊரில் செய்த வண்டிகள் எல்லாம் இந்த ஊரிலேயே ஓடுகின்றனவோ என்று சந்தேகம் வரும். ஒரு பைக்கின் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து சவாரி செய்ததை மாமா பார்த்துவிட்டார்.

"தலையில போட வேண்டியதை ஏன் மடியில வெச்சிருக்கான்?"

"போலீஸ் கண்ணில் பட்டால் தலைக்கு ஏறும் மாமா."

இங்கேதான் இரண்டு மாநிலக் கணக்கு வருகிறது. பி.காம். படித்தவன் என்பதால் இதை மட்டும் நான் விடமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988 என்பது இந்தியா முழுவதுக்கும் ஒன்றுதான். 2019-ல் அதைத் திருத்தி அபராதங்களைப் பல மடங்கு ஏற்றினார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். கர்நாடகாவில் கூச்சல் கிளம்பியது. அதே செப்டம்பரில் சிலவற்றைக் குறைத்து, ஹெல்மெட்டுக்கு 500 ஆக்கினார்கள். தமிழ்நாடு மூன்று வருஷம் யோசித்து, 2022 அக்டோபரில் 1,000-ஐ அமலுக்குக் கொண்டுவந்தது. ஆக, ஜூஜூவாடியில் ஹெல்மெட் இல்லாத தலைக்கு 1,000. இரண்டு கிலோமீட்டர் தாண்டி அத்திப்பள்ளியில் அதே தலைக்கு 500. தலை உடைந்தால் மட்டும் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி பில் ஒரே மாதிரி வரும்.

"அதோட விட்டாங்களா மாமா? 2023 பிப்ரவரியில கர்நாடகாவில் பாக்கி அபராதத்துக்கெல்லாம் 50 சதவீதம் தள்ளுபடி குடுத்தாங்க."

மாமா பிரேக் போட்டார். "அபராதத்துக்குத் தள்ளுபடியா? ஆடி மாசமா?"

"இல்லை, தை மாசம்."

சிங்கப்பூரில் புள்ளிக் கணக்காம். தப்புக்குத் தப்பு புள்ளி ஏறும். இரண்டு வருஷத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸை வாங்கி வைத்துவிடுவார்கள். பணக்காரனும் தப்ப முடியாது, தள்ளுபடியும் கிடையாது. நம் இரண்டு மாநிலமும் பேரம் பேசாத ஒரு விஷயம் குடித்துவிட்டு ஓட்டுவது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். எல்லையில் வரிசையாக மின்னும் மதுக்கடை போர்டுகளைப் பார்த்து வண்டியை நிறுத்துகிற நண்பர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது உத்தமம்.

ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா. 2017 ஜூலைக்கு முன்னால் வந்திருந்தால், விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வால் நீட்டி நிற்பதைப் பார்த்திருக்கலாம். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடி வேலை போய்விட்டது.

"இவ்வளவுதானா பார்டர்?" மாமாவுக்கு ஏமாற்றம். தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் நடுவே 1994-ல் திறந்த நட்புப் பாலத்தைப் பற்றிச் சொன்னார். தாய்லாந்தில் இடது பக்கம் ஓட்டுவார்கள், லாவோஸில் வலது பக்கம். பாலத்தைத் தாண்டினதும் சிக்னல் வைத்து, வண்டிகளைப் பக்கம் மாற்றி அனுப்புகிறார்களாம். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூருக்குப் போவது இன்னொரு கூத்து. அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு. எல்லாரும் காலி டேங்க்கோடு போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். சிங்கப்பூர் அரசு பார்த்தது. போகிற வண்டியில் பாதி டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1989-ல் சட்டம் போட்டது. 1991-ல் அதை முக்கால் டேங்க் ஆக்கியது. எல்லையில் முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்!

அந்தச் சட்டம் மட்டும் இங்கே இருந்தால், ஓசூர்க்காரர்கள் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள். எந்தப் பக்கம் டீசல் ஒரு ரூபாய் குறைகிறதோ, அந்தப் பக்கம் திரும்புகிறது லாரி.

பார்டரே இல்லாத இந்த பார்டரில், எல்லையைக் காட்டுவது இரண்டே விஷயம். ஒன்று போர்டு. மற்றது நம்பர் பிளேட்.

முதலில் போர்டு. 'மெதுவாகச் செல்லவும்' முடிந்து, கன்னட எழுத்து ஆரம்பித்தது. நான் படித்துக் காட்டினேன்: "நிதானவாகி சலிசி."

"நிதானமா சலிச்சுக்கணுமா? ஏன்?"

"நிதானமாகப் போங்கன்னு அர்த்தம் மாமா."

சந்தாபுரா, பொம்மசந்திரா நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தபோது, மாமா சொன்ன அர்த்தமே சரி என்று பட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. கார் இல்லாதவர்கள் ஓசூரிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா வந்து, அங்கே ரயில் ஏறிவிடலாம். கார் இருக்கிறவர்கள் சலிக்கலாம்.

வழி கேட்டால் 'எடக்கே' என்பார்கள். எடக்கு பண்ணச் சொல்லவில்லை, இடது பக்கம் திரும்பு என்கிறார்கள். 'பலக்கே' என்றால் பலமாக அல்ல, வலது பக்கம். நம்ம 'வ' அங்கே 'ப' ஆகிவிடும். இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும், பாதி கன்னடம் வந்துவிட்டது.

இப்போது நம்பர் பிளேட். ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டி இந்தியா முழுவதும் ஓடலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டால்தான் அந்த ஊர் நம்பருக்கு மாற்ற வேண்டும். மாற்றல் வேலைக்காரர்களுக்காக 2021-ல் 'பி.ஹெச்.' வரிசையும் வந்தது. அரசு ஊழியர்களும், நாலு மாநிலத்துக்குக் குறையாமல் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிகளின் ஊழியர்களும் வாங்கலாம். ஓசூர்த் தெருவில் டி.என். 70-ம் கே.ஏ. 51-ம் ஒரே மரத்தடியில் நிற்கும். யாரும் கவனிப்பதில்லை. எல்லா நாளும் அப்படியில்லை.

அத்திப்பள்ளி தாண்டி ஓர் இடத்தில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. வழி சரிதானா என்று கேட்க மாமா வண்டியை ஓரம் கட்டினார். போலீஸ்காரர் ஒருவர் கையை வீசிக்கொண்டே ஓடி வந்தார். "இல்லி நில்லிஸ்பேடி! இல்லி நில்லிஸ்பேடி!"

மாமா சட்டென்று இன்ஜினையே அணைத்துவிட்டார். "நில்லுங்கறாரு மாப்ளே. என்னமோ பேடின்னு வேற திட்டறாரு!"

"மாமா, கிளப்புங்க! 'இங்கே நிறுத்தாதீங்க'ன்னு சொல்றார். 'பேடி'ன்னா வேண்டாம்னு அர்த்தம். மரியாதையாத்தான் சொல்றார்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தைகளை இதே ரோட்டில் முதல்முதலாகக் கேட்ட நாள் ஞாபகம் வந்துவிட்டது.

2016 செப்டம்பர் 12. நான் ஓசூருக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. திருச்சியில் வாங்கிய பைக், டி.என். 45. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்திருந்தது. அன்று பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் உள்ள பஸ்களும் லாரிகளும் எரிந்தன. தமிழ்நாட்டிலும் கே.ஏ. நம்பர் வண்டிகளும், கர்நாடகக்காரர்களின் கடைகளும் தாக்கப்பட்டன. பஸ் நின்றுபோனது. ஆபீஸில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

சந்தாபுரா பக்கம் வந்தபோது, தூரத்தில் கறுப்புப் புகை. டயர் எரிகிற நாற்றம். என்ன செய்வது என்று தெரியாமல், சாத்தியிருந்த ஒரு கடை முன்னால் பைக்கை நிறுத்தினேன். பக்கத்துச் சந்திலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து ஓடி வந்தார். கையில் என்னமோ இருந்தது. "இல்லி நில்லிஸ்பேடி!" என்று கத்தினார்.

என் காதில் விழுந்தது, 'நில்லுடா பேடி!'

கால் இரண்டும் மரத்துவிட்டன. வந்தவர் என்னைப் பார்க்கவேயில்லை. நேராகக் குனிந்து, கையில் இருந்ததை என் நம்பர் பிளேட்டில் அப்பினார். சேறு. முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை. டி.என். 45 மறைந்தே போனது. நிமிர்ந்து, சந்தைக் காட்டி, "பன்னி, பன்னி" என்றார்.

முதலில் பேடி, இப்போது பன்னி! ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. அவசரம்தான் இருந்தது. 'பன்னி' என்றால் 'வாங்க'. அது மறுநாள்தான் எனக்குத் தெரியும். அன்று அந்த முகத்தை நம்பித்தான் பின்னால் போனேன்.

ஆட்டோவை முன்னால் விட்டுக்கொண்டு, பெயர் தெரியாத கிராமத்துப் பாதைகளில் என்னைக் கூட்டிப் போனார். இரண்டு இடத்தில் பையன்கள் வழி மறித்தார்கள். அவர் என்னமோ சொன்னார், விட்டுவிட்டார்கள். அத்திப்பள்ளிக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டில் விட்டார். பெட்டி படுக்கைகளோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜனங்கள் எல்லையை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி நன்றி சொல்வதற்குள் ஆட்டோ போய்விட்டது. பெயர் கேட்கவில்லை. கே.ஏ. 51 என்று ஆரம்பிக்கும் நம்பர் மட்டும்தான் கண்ணில் நின்றது.

நம்பர் பிளேட்டை மறைப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அன்று அந்தக் குற்றத்தை எனக்காக ஒருத்தர் செய்தார். தமிழ்நாட்டிலும் அன்று யாரோ ஒருத்தர், ஒரு கே.ஏ. வண்டிக்குச் சேறு பூசியிருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்தச் சேற்றைக் கழுவினேன். அதற்கு மறுநாள், முப்பது நாளில் கன்னடம் கற்றுத் தருகிற புத்தகம் ஒன்று வாங்கினேன். முப்பது நாளில் வரவில்லை. ஆனால் வந்தது.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "லாரி லைட் போட்டதும் நான் என் அகராதியைப் பார்த்தேன். நீ அன்னிக்கு உன் அகராதியைப் பார்த்தே" என்றார். சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் மாமா மாமாதான். நான் இரண்டு பக்கம் எழுதினதை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இந்த ரோட்டில் புதிதாக வண்டி எடுக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். எதிரே மின்னுகிற லைட்டுக்கு, முன்னால் எரிகிற இண்டிகேட்டருக்கு, ஓடி வந்து கத்துகிற மனுஷனுக்கு, உடனே உங்கள் பாஷையில் அர்த்தம் சொல்லிவிடாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பாருங்கள். நிதானவாகி சலிசி.

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வந்தபோது, ஓர் ஆட்டோ எங்கிருந்தோ முளைத்து, எங்கள் கார் மூக்கில் மூக்கை நுழைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அண்ணா!" என்றார். ஹாரன் அடிக்காத மாமாவின் கை, முதல்முறையாக ஹாரன் பக்கம் போனது. பாதியில் நின்றது. கண்ணாடியை இறக்கினார். ஆட்டோக்காரரைப் பார்த்துக் கையை அகல விரித்து, "பன்னி, பன்னி!" என்றார்.

ஒரு மனுஷனைப் பார்த்து 'பன்னி' என்று சொல்லி, பதிலுக்கு ஒரு கும்பிடு வாங்கியது மாமாவுக்கு அதுதான் முதல் தடவை.